விடுகைப் பத்திரம்

ஜெர்மன் அலுவலகம் இரண்டு கடுதாசி கேட்டால் எங்கள் சனம் பன்னிரண்டு கொடுக்கும். குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். கூடினால் யார் ஏசப்போகிறார்கள்? ஞானஸ்நானப் பத்திரம், தடுப்பூசி அட்டை, பிள்ளை நீச்சல் பழகிய சான்றிதழ் எல்லாம் ஒன்றாகப் போய்விடும். டோர்ட்மண்டில் றொனால்டும் அந்த ஜூலை மாதம் இதைத்தான் செய்தான். அவன் மனைவி டொறத்தி சட்டம் படிக்க விண்ணப்பிக்கிறாள். மறுநாள் கடைசி நாள், அவளுக்கோ வேலையிடத்தில் மூச்சுவிட நேரமில்லை. "நான் ஏத்திவிடுறன், நீர் யோசிக்காதேயும்" என்றவன், அலுமாரியிலிருந்த நீலக் கோப்பை எடுத்து ஒரு தாள் விடாமல் ஸ்கேன் செய்து பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றிவிட்டான். ஏற்றிவிட்டு, பெரிய வேலை முடித்தவன் மாதிரித் தேத்தண்ணி போட்டுக் குடித்தான்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் டொறத்தி அதைத் திறந்து பார்த்தாள். பதினோராம் பக்கத்தில் அவள் கை அப்படியே நின்றது. மன்னாரில் பள்ளிக்கூடம் விட்டபோது கொடுத்த விடுகைப் பத்திரம், ஆங்கில மொழிபெயர்ப்போடு. சாதாரண தரப் பரீட்சையில் ஆறு பாடத்துக்கு அதிசிறப்பான டி, இரண்டுக்கு சி. கீழே அதிபர் சிஸ்டரின் சாய்ந்த கையெழுத்தில் 'மிகவும் கெட்டிக்காரி'. மேலே பிறந்த ஆண்டு 1976. அவளுடைய கடவுச்சீட்டிலும் மற்ற எல்லா ஜெர்மன் பத்திரங்களிலும் இருப்பது 1978.

அந்த இரண்டு வருடம் காணாமல்போன கதை சின்னது. தொண்ணூற்று மூன்றில் வீட்டார் யாருமில்லாமல் வந்து இறங்கியபோது அவளுக்குப் பதினேழு. கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் விமானத்தில் வைத்தே சொன்னான்: "பதினைஞ்செண்டு சொல்லும் தங்கச்சி. பள்ளிக்கூடம் விடுவாங்கள், திருப்பி அனுப்பமாட்டாங்கள்." சொன்னாள். அனுப்பவில்லை. ஆறு டி எடுத்த பிள்ளை திரும்பவும் ஒன்பதாம் வகுப்பில் போய் உட்கார்ந்தது. பிறகு தொழிற்பயிற்சி, வேலை, கலியாணம், குடியுரிமை எல்லாமே அந்தப் பொய்யின் மேல்தான் எழும்பின. றொனால்டுக்கும் அவன் தமக்கை பிறேமாவுக்கும் மட்டும் விசயம் தெரியும். இந்த நாட்டில் எங்கள் சனத்தில் பாதிப் பேருக்கு இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். யாரும் யாரையும் கேட்பதில்லை.

"ஐயோ, ஏன் எல்லாத்தையும் ஏத்தினீங்கள்? அவங்கள் கேட்டது நாலு கடுதாசி!" என்று தொலைபேசியில் கத்தினாள். கத்தியும் பயனில்லை, அனுப்பியதைத் திருப்பி எடுக்க அந்த இணையப் பக்கம் விடவில்லை.

நாலாம் நாள் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. பிறந்த ஆண்டில் முரண்பாடு இருக்கிறது, புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு Termin என்கிற சந்திப்பு நேரம், மூலப் பத்திரங்களோடு நேரில் வரவும்.

அவளுக்கு இந்தப் படிப்பு பொழுதுபோக்கு அல்ல. ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருபத்தைந்து வருடமாக வேலை செய்கிறாள். விசா பறிபோகிறவர்களும் வீடு பறிபோகிறவர்களும் முதலில் வந்து அழுவது அவளுடைய மேசையில்தான். வழக்குக்கான கடிதங்களை அவள் எழுதுவாள், வக்கீல் கையெழுத்து வைப்பார். நீதிமன்றத்தில் அவளுக்குப் பின்வரிசைதான். போன வருடம் ஒரு தாயின் வழக்கில், அவளுக்கு மகன் வயதுள்ள புது வக்கீல் கேட்கவேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டான். கேள்வி டொறத்தியின் வாய்க்குள் இருந்தது. எழுந்து கேட்க அவளுக்கு உரிமை இல்லை. வழக்குத் தோற்றது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் "நான் சட்டம் படிக்கப்போறன்" என்றாள். அலுவலகத் தொழிலில் உயர்நிலைப் பரீட்சை ஒன்றை அவள் முன்பே பாஸ் பண்ணியிருந்ததால், அபிடூர் என்கிற பள்ளி இறுதிப் பரீட்சை இல்லாமலே விண்ணப்பிக்க வழி இருந்தது. ஒரே ஒரு வழி. அந்த வழியில்தான் புருசன் குறுக்கே கல்லைப் போட்டுவிட்டான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் பிறேமா வந்தாள். வந்ததும் வராததுமாகத் தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"இதுக்கேன் பயப்பிடுறாய்? பிழை இலங்கையிலயெண்டு சொல்லு. சண்டைக்காலம், கிளாக்கர் மாறி எழுதிப்போட்டாரெண்டு சொல்லு. எங்கட நாட்டைப் பற்றி எதைச் சொன்னாலும் இவங்கள் நம்புவாங்கள்."

"அக்கா சொல்லுறது சரி" என்றான் றொனால்ட். தன் தலை தப்பினால் போதும் என்ற அவசரம் அவனுக்கு. "வேற ஒண்டும் கதையாதேயும். பாஸ்போட்டைத் தோண்டத் தொடங்கினாங்களெண்டா எங்க போய் நிக்குமோ தெரியாது."

டொறத்திக்கும் தெரியாது. சட்டப் பிரிவுகளை அலுவலகக் கணினியில் நாலுதரம் வாசித்திருந்தாள். குடியுரிமைக்கு இத்தனை வருடம் கழித்து ஆபத்து ஒன்றும் வராது என்று மூளை சொன்னது. பயம் மட்டும் போகவில்லை. அன்றிரவு ஒரு சொட்டுத் தூக்கம் இல்லை.

புதன்கிழமை, சொன்னது போல, பத்தேகாலுக்குப் பல்கலைக்கழக அலுவலகத்தின் கதவு திறந்தது. மேசைக்குப் பின்னால் முப்பது வயது மதிக்கக்கூடிய ஒரு பெண். பெயர்ப் பலகையில் நடாலி என்று இருந்தது. கண்டிப்பான முகத்தை எதிர்பார்த்துப் போனவளுக்கு அந்தப் பெண் எழுந்து கைகொடுத்துச் சிரித்தது இன்னும் பயத்தைக் கொடுத்தது.

"உங்களை அலையவைத்ததற்கு மன்னியுங்கள், ஃபிராவ் ஜேசுரட்ணம்" என்று ஜெர்மனில் சொன்னாள். மூலப் பத்திரங்களை வாங்கி, கடவுச்சீட்டையும் விடுகைப் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "இலங்கைப் பத்திரத்தில் எழுதியவர் தவறிவிட்டார் போலிருக்கிறது. போர்க்காலம் அல்லவா? நான் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் கையெழுத்து வைத்தால் இன்றைக்கே கோப்பை முடித்துவிடலாம். உங்கள் புள்ளிகள் மிக நல்லவை. இடம் கிடைத்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்."

பிறேமா சொல்லச் சொன்ன பொய்யை டொறத்தி சொல்லவே தேவையில்லை. அது அழகாகத் தட்டச்சு செய்யப்பட்டு மேசையில் கிடந்தது. 'மேற்படி பாடசாலைப் பத்திரம் பிழையானது. அதைக் கருத்தில் கொள்ள வேண்டியதில்லை.' கீழே ஒரு கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் பேனை.

பேனையை எடுத்தாள். ஒரு கையெழுத்து, ஒக்டோபரில் வகுப்பு. அதைத்தானே ஒரு வருடமாகக் கனவு கண்டாள்? மறுபடியும் வாசித்தாள். பிழையானது. இடம்பெயர்ந்து, மரத்தடியில் படித்து, பசியோடு எழுதி எடுத்த ஆறு டி. அந்தக் கோப்பிலேயே பொய் இல்லாத ஒரே தாள் அதுதான், அதைப் பொய்யென்று அவளே எழுதிக் கொடுக்கவேண்டும். பயத்தை எல்லாம் தள்ளிக்கொண்டு அவளுக்குக் கோபம் வந்தது. இந்தப் பெண்ணில் இல்லை. பதினேழு வயதில் வாயைத் திறந்து பதினைந்து என்று சொன்ன தன்மேலேயே வந்தது.

"இது பிழையில்லை" என்றாள்.

"புரியவில்லை?"

"இந்தப் பத்திரம் சரி. பிழை என் கடவுச்சீட்டில் இருக்கிறது. வந்த நாளில் நான்தான் வயதைக் குறைத்துச் சொன்னேன்."

நடாலியின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "என்ன சொல்கிறீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறீர்களா? இதை நான் கோப்பில் எழுதாமல் விட முடியாது."

"தெரியும். எழுதுங்கள்."

"அப்படியென்றால் உங்கள் வயது?"

"ஐம்பது."

முப்பத்துமூன்று வருடத்தில் தன் வயதை ஜெர்மன் மொழியில் உண்மையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நடாலி நெடுநேரம் தட்டச்சு செய்தாள். பிறகு, அடையாளப் பத்திரங்கள் திருத்தப்படும்வரை விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்ள முடியாது, இந்த வருடம் சாத்தியமில்லை என்றாள். அவற்றைத் திருத்த நகரசபை எவ்வளவு காலம் எடுக்கும், அபராதம் ஏதும் வருமா என்பதெல்லாம் தனக்குத் தெரியாது என்றாள். தான் எழுதிவைத்த குறிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் நீலக் கோப்பில் அடுக்கிக் கொடுத்தாள்.

டொறத்தி பாதிப் படிக்கட்டு இறங்கினாள். கைப்பிடியைப் பிடித்தபடி நின்று, யாரும் வராத நேரம் பார்த்து வாய்விட்டு அழுதாள். கிடைத்த இடம். கையில் வைத்திருந்த இடம்.

வாசலில் காருக்குள் காத்திருந்த றொனால்ட் அவள் முகத்தைப் பார்த்ததும் பதறினான். "என்ன, நம்பேல்லையோ?"

"நம்பினவை. இலங்கைப் பத்திரம் பிழையெண்டு அவையே எழுதி வைச்சிருந்தவை. சைன் வைக்க எனக்கு ஏலாமப் போச்சு. உண்மையைச் சொல்லிப்போட்டன்."

அவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். "சைன் வைச்சிருந்தா இடம் கிடைச்சிருக்கும், என்ன?"

"ஓம். இண்டைக்கே."

"இனி என்ன நடக்குமோ கடவுளே" என்று தலையைக் குனிந்துகொண்டான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. "வீட்ட போவம். கொஞ்சம் படுத்தெழும்பும். நகரசபைக்கு அடுத்த கிழமை எழுதலாம்."

"வீட்ட வேண்டாம். நேர நகரசபைக்கு விடுங்கோ, Termin எடுக்கவேணும்."

"இப்பவேயோ?"

"எனக்கு அம்பது வயசப்பா" என்று கதவை இழுத்துச் சாத்தினாள் டொறத்தி. "இனித் தள்ளிப்போட எனக்கு நேரமில்லை."