மூன்றே தட்டு

போன மாதம் பெல்மதுளைச் சந்தியில் ஒரு மேசன், வாளியில் காய்ந்திருந்த சிமெண்டை உதிர்க்க வாளியை மூன்று தரம் தட்டினார். நான்காவது சத்தம் வரவில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்துப் பன்றி வேட்டைக் கதைகளை எழுத வேண்டும் என்று அங்கேயே தோன்றிவிட்டது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், இன்னும் ஒருவர் என்று நான்கு பேர் நாய்களோடும் ஈட்டிகளோடும் இரவில் ரப்பர் மலைக்குப் போவார்கள். திரும்பி இறங்கும்போது ரப்பர் பால் எடுக்கும் வாளியில் ஆளுக்கு ஒரு தட்டு. நான்கும் கேட்டால் எல்லோரும் பத்திரம்.

ஒரு நாள் இரவு மூன்றுதான் கேட்டது.

"சரியா எண்ணுனியா புள்ள?" என்றார் அம்மா.

"மூணுதாம்மா."

நான்கு வீட்டுப் பெண்களும் எங்கள் வரிசை வீடுகளான லயத்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. டார்ச் வெளிச்சம் கிட்டே வந்தபோது நான்கு பேரும் இருந்தார்கள். பன்றி கிழித்த நாயை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி அப்பா கடைசியாக வந்தார்.

விடியும்வரை பன்றிக் கறி பங்கு போட்டார்கள், கதையும் நடந்தது.

"மச்சானுக்குத் தட்டக் கை ஏது? அக்கா அதுக்குள்ள தாலியத் தொட்டுப் பாத்திருக்கும்!" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

நான்கு ஆண்களின் கதைகளையும் எழுதி முடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போகிறேன். வாசலில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில், அப்பாவுக்குப் பதிலாக யார் வராமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டீர்கள், பக்கத்து வீட்டுக்காரரா, உங்கள் தம்பியா என்று கேட்கப் பார்ப்பேன்.