ஒட்டிக்கொண்ட குடலும் வார்டு நடையும்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் நான் புக்கிட் ரம்பாய் ஊருக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். காஜா பெராங்கில் வாடகை வீடு. கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. அதற்கு முந்தின வருஷம் வேறோர் ஊரில் எனக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆகியிருந்தது. வயிற்றைத் திறந்தவன் அசையக் கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் கட்டிலை விட்டு இறங்காமல் கிடந்து, ஆள் சதை போட்டுத் திரும்பி வந்தேன்.

ஒரு காலையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும்போதே வயிறு முறுக்கிப் பிடித்தது. வாந்தி நிற்கவில்லை. வயிறு பானையாக உப்பிவிட்டது. டிரைவர் பஸ்ஸை நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டார். பயணிகள் ஒருவரும் வழியில் இறங்கவில்லை. எனக்கு என்னவென்று தெரிந்துகொள்ளக் கூடவே வந்துவிட்டார்கள்.

மறுபடியும் ஆபரேஷன். நினைவு தெளிந்தபோது கட்டிலருகே வெள்ளைக்கார டாக்டர் நின்றார். அவர் சொல்லச் சொல்ல, மிஸ்ஸி தமிழில் சொன்னார். நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"பழைய புண்ணு ஆறின எடத்துல தழும்பு வளந்து, குடலைப் புடிச்சு ஒட்டிக்கிச்சு அண்ணே. அதான் அடைப்பு. டாக்டர் பிரிச்சு விட்டுட்டாரு."

"திரும்பவும் ஒட்டுமா மிஸ்ஸி?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஒட்டாதுன்னு யாரும் சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா கையுறையில இருந்த பவுடரைக்கூட கழுவிட்டுத்தான் குடலைத் தொட்டாரு. அந்தத் தூள் உள்ள தங்கினாலும் ஒட்டுமாம். குடல் காயாம ஈரத்துணி போட்டு வெச்சிருந்தாரு. அவரு வேலை முடிஞ்சிருச்சு. நாளைக்கு இவரு எந்திரிச்சு நடக்கணும்."

"நடக்கிறதா? தையல் பிரிஞ்சு குடல் கீழ விழுந்தா யாரு பொறுக்கிறது?" என்று அவள் பதறினாள்.

மிஸ்ஸி சிரித்ததைப் பார்த்து, விஷயம் புரியாமலே டாக்டரும் சிரித்தார்.

மறுநாள் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். முதல் அடியில் உயிர் போய் உயிர் வந்தது. மனைவி இரு கைகளையும் ஏந்தியபடி பின்னாலேயே வந்தாள், விழுவதைப் பிடிக்கத் தயாராக.

அடுத்த கட்டிலில் கம்போங் செட்டிக்காரர் ஒருவர். பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய் பேசப் பழகிவிட்ட தமிழர்களின் கிராமம் அது, எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆனவர். நெற்றி நிறைய திருநீறு. வாயைத் திறந்தால் மலாய்தான். அவருக்கும் நடக்கச் சொல்லி உத்தரவு. "ஜாலான், தம்பி, ஜாலான்!" என்று, அதாவது நடக்கச் சொல்லி, என்னை முன்னால் விட்டுத் தான் பின்னால் நடந்தார். எனக்கும் தொழில் புத்தி போகவில்லை. "ஜன்னல் ஸ்டாப்பு! பாத்ரூம் ஸ்டாப்பு!" என்று கூவிக்கொண்டே போனேன். சிரித்தால் தையல் வலிக்கிறது என்று மற்ற கட்டில்காரர்கள் திட்டினார்கள்.

நடந்தாலும் சோறு கிடையாது. காற்றுப் பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம், அதுவரை பட்டினிதான். டாக்டர் காலையில் அதைத்தான் கேட்பார். செட்டிக்காரர் அதையே மலாயில் மணிக்கொரு தரம் கேட்பார்: "சுடா கெந்துட்?" அதன் பொருளை நான் சொன்னதும் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு காலை, பாத்ரூம் ஸ்டாப்பை நெருங்கும்போது அது நடந்தது. வார்டு முழுக்கக் கேட்டது. எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு செட்டிக்காரர் கையை உயர்த்தி, "மெர்டேக்கா!" என்று முழங்கினார். சுதந்திர நாளில் ஊரே போட்ட விடுதலை முழக்கம் அது; வார்டே திரும்ப முழங்கியது. வெட்கத்தில் நான் தலையணைக்குள் முகத்தைப் புதைத்தேன். மனைவியோ கண்ணீர் விட்டபடி மிஸ்ஸியிடம் ஓடினாள், கஞ்சி கேட்க. உப்புக்கூடச் சரியாக இல்லாத அந்தக் கஞ்சியைப் போல ருசியான ஒன்றை நான் அதற்குப் பிறகு குடித்ததில்லை.

வயிறு மறுபடி அடைக்கவே இல்லை. நடந்ததாலா, டாக்டரின் கைப்பக்குவமா, அதிர்ஷ்டமா, எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் வீடு திரும்பிய பிறகு என் மனைவி என்னை உட்கார விடவில்லை. மழை தூறினாலும் குடையைக் கையில் திணித்து, "கம்போங் செட்டி வரைக்கும் போயி அவரையும் கூட்டிக்கிட்டு ஒரு சுத்து நடந்துட்டு வாங்க" என்று வாசலுக்குத் தள்ளிவிடுவாள்.