சந்தேகம் யார் மேல்?

செவ்வாய்க்கிழமை காலை, இங்கே அயர்லாந்தில் டியூட்டிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது போனில் ஒரு மெசேஜ் வந்தது. நான் கால் வைத்தே பார்க்காத ஏதோ ஓர் ஊரில் என் பேங்க் கார்டை வைத்து யாரோ இரண்டு ஜோடி ஷூ வாங்கியிருக்கிறார்கள். வாங்கியது நீங்கள்தானா என்று கேட்டிருந்தது. இல்லை என்று அனுப்பினேன். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் பேங்கிலிருந்து போன். அயர்லாந்துக்காரப் பெண், குரலில் அத்தனை கரிசனம். பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டுவிட்டு, "உங்கள் குடும்பத்தில் யாராவது உங்களுக்குத் தெரியாமல் கார்டை எடுத்திருக்கலாமா?" என்றாள். "எனக்குக் குடும்பம் என்று யாரும் இல்லை" என்றேன். 'இங்கே' என்று சேர்த்துச் சொல்ல வரவில்லை. உங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறேன் என்றாள் அவள். எல்லோரும் செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள், பாவம். நானும் திருத்தவில்லை.

மூன்றாம் நாள் பணம் கணக்குக்குத் திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் டீ நேரத்தில் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் அழுதுவிட்டேன். கூட வேலை பார்க்கும் நர்ஸ் முதுகைத் தடவிக் கொடுத்து, "பணம்தான் வந்துவிட்டதே, இன்னும் ஏன் அழுகிறாய்?" என்றாள். பணத்துக்கு யார் அழுதது? முகம் தெரியாத ஒருத்தி, நான் சொன்ன ஒரே ஒரு 'இல்லை'யை நம்பிவிட்டாள். பல வருஷங்களுக்கு முன்னால் என் தம்பியும் என்னிடம் அதே வார்த்தையைத்தான் சொன்னான். கூடப் பிறந்தவள் நான், நம்பவில்லை.

நகரிக்காரர்களுக்கு நகரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர் ஆந்திராவில், எங்கள் தெருவில் வீட்டுக்குள் பேசுவது தமிழ், வாசலைத் தாண்டினால் ஆபீஸ், ரேஷன், பள்ளிக்கூடம் எல்லாமே தெலுங்கு. நைனா விசைத்தறி ஓட்டியவர். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவர். தெலுங்கை மடமடவென்று பேசுவார், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. தம்பி முனிரத்னம் தெலுங்கு மீடியம். படிப்பு ஏறாமல் தறிக்கே வந்துவிட்டான். நான் திருப்பதியில் நர்ஸிங் படித்தேன். நர்ஸுகளை வெளிநாடுகள் அள்ளிக்கொண்டு போன காலம் அது. முதலில் வளைகுடா, அப்புறம் அயர்லாந்து. அம்மா நான் படித்துக்கொண்டிருந்தபோதே இறந்துவிட்டாள்.

திருப்பதியில் என் பெயரில் இருந்த கணக்குக்குத்தான் பணம் அனுப்புவேன். வீட்டுச் செலவு போக மீதியை அதிலேயே விட்டுவைக்கச் சொல்லியிருந்தேன். அடுத்தவர் ஷெட்டில் கூலிக்கு ஓட்டும் ரத்னத்துக்குச் சொந்தமாக நாலு தறி போட்டுக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஏடிஎம் கார்டை நைனா கையில் கொடுத்துவிட்டுப் போனபோது, "யார் கையிலயும் குடுக்காத நைனா. நம்பர் உனக்கும் ரத்னத்துக்கும் மட்டுந்தான் தெரியணும். தொலைச்சிட்டு வந்து நின்ன, அப்புறம் ஒத்தப் பைசா அனுப்ப மாட்டேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். விளையாட்டாவது ஒன்றாவது. பணம் அனுப்ப ஆரம்பித்ததிலிருந்து என் குரலே மாறிப்போயிருந்தது.

கார்டில் பெயர்கூட அச்சடிக்காத காலம். பணம் எடுத்தால் மெசேஜ் எல்லாம் வராது. ஒரு நாள் நைனா போனில், "கார்டக் காணோம்மா. பீரோவுலதான் வெச்சிருந்தேன்" என்றார். ரத்னம் திருப்பதிக்கு ஓடிப்போய் பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்தான். நாலே நாளில் கணக்கைத் துடைத்து எடுத்திருந்தார்கள். எடுத்தது எல்லாமே எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு டவுனில். ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். நகரியிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். வாரம் தவறாமல் அந்த ஊருக்கு லுங்கி மூட்டை கொண்டுபோகிறவன் ரத்னம். நம்பர் தெரிந்தவனும் அவன். கணக்குப் போட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"நெஜத்தச் சொல்லுடா, ஒண்ணியும் பண்ண மாட்டேன்" என்றேன் போனில்.

"இன்னாக்கா சொல்ற? நானா?"

"நம்பர் வேற யாருக்குத் தெரியும்?"

"நான் எடுக்கலக்கா. இல்ல. எனக்குன்னு சேத்துக்கினு இருந்த பணத்த நானே இன்னாத்துக்கு திருடப்போறேன்?"

எவ்வளவு நியாயமான கேள்வி! எனக்கோ அதுவே திமிர்ப் பேச்சாகப் பட்டது. போனை வைத்துவிட்டேன். லீவு போட்டு ஊருக்கு வந்தேன். அவனைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்தேன். இதை மறைத்துவிட்டு எழுதுவதானால் எழுதாமலே இருக்கலாம்.

பேங்கில் ஒரே பதில்தான். நம்பரைச் சரியாக அடித்திருக்கிறார்கள், நாங்கள் பொறுப்பில்லை, கேமராப் படம் வேண்டுமென்றால் போலீஸ் லெட்டர் கொண்டு வாருங்கள், அதுவும் சீக்கிரம், ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்து ஸ்டேஷனில் இருந்தவர் தெலுங்கில், "இன்ட்லோ வாள்ளேனம்மா" என்றார். வீட்டு ஆட்களேதான் என்று அர்த்தம். எனக்குத் தெலுங்கில் புகார் எழுத வராது. வாசலில் மனு எழுதுகிறவரிடம் உட்கார்ந்தேன். எல்லாம் எழுதிவிட்டு, சந்தேகம் யார் மேல் என்று கேட்டார். அந்த இடத்தில் யார் பெயரும் தெரியாது என்று எழுதியிருக்கலாம். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் எழுதுவார்கள். நான் அப்பா பெயர், வயது, விலாசத்தோடு என் தம்பி பெயரைச் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் எழுதினார்.

ரத்னத்தைக் கூப்பிட்டார்கள். காலையில் போனவனைச் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் தறிக்காரத் தெரு முழுக்க அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகும். வீட்டுக்கு வந்தவன் என்னைத் தாண்டிப் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்தான். நைனா தட்டில் சோற்றைப் போட்டு, "துன்னுடா" என்று நகர்த்தி வைத்தார். "பசியில்ல நைனா" என்றான். மறுநாள் விடிந்ததும் இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டு பலமனேருக்குப் போய்விட்டான். அங்கே தக்காளி மண்டியில் ஒரு சிநேகிதன் இருந்தான். பார்த்தாயா, குற்றம் செய்தவன்தானே ஓடுவான் என்று நான் நைனாவிடம் சொன்னேன். நைனா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லெட்டருக்காக அலைந்த அலைச்சலைச் சொல்லி மாளாது. இந்தப் பக்கம், பணம் எடுத்தது தமிழ்நாட்டில், அங்கே போம்மா என்றார்கள். அந்தப் பக்கம் போனால், கணக்கு ஆந்திராவில், அங்கே கொடும்மா என்றார்கள். செக்போஸ்ட்டைத் தாண்டித் தாண்டி எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தெலுங்கில் ஒரு புகார், தமிழில் ஒரு புகார். அயர்லாந்தில் எந்த ஆபீஸிலும், நீ எங்கள் கணக்கில் வரமாட்டாய் என்று என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. மனசுக்குள் நினைத்திருப்பார்கள், அது வேறு. பிறந்து வளர்ந்த இடத்தில், அரைமணி நேர பஸ் தூரத்துக்குள், இரண்டு பக்கமும் சொன்னார்கள். கடைசியில் அந்தப் பக்கத்து ஏட்டு ஒருவர் மனசு இளகி லெட்டர் வாங்கிக் கொடுத்தார். பத்து நாளில் படமும் வந்தது. பார்க்கக் கூப்பிட்டபோது நைனாவும் வருவார் என்று நினைத்தேன். கால் வலிக்கிறது என்று படுத்துவிட்டார்.

கடைசி மூன்று நாள் படத்திலும் கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் தனியாக நிற்கிறான். எனக்கு முன்பின் தெரியாதவன். முதல் நாள் படத்தில் அவனோடு இன்னொருவர். தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. கார்டை அவனிடம் நீட்டிக்கொண்டிருக்கிறார். "இவரைத் தெரியுமாம்மா?" என்று ஏட்டு கேட்டார். "எங்க நைனா" என்றேன்.

வீட்டுக்கு வந்து படத்தின் நகலை நைனா முன்னால் வைத்தேன். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"நம்ம ஊர் மிஷின்ல தமிழு இல்லம்மா. அங்க இருக்குதுன்னாங்க. ஒவ்வொரு தபாவும் ஒரு டீச் செலவுக்கு ரத்னத்த கெஞ்சிக்கினு இருக்க எனக்கு கூச்சமா இருந்திச்சி. கிருத்திகைக்குப் போறேன்னுட்டு போனேன். மொத தபா நானே எடுத்தேன், தெரியுமா? அடுத்த தபா படிக்கறதுக்குள்ள எழுத்து மாறிப்பூட்சி. பின்னால நின்னுக்கினு இருந்தவன் தமிழ்ல பேசினான். நம்ம ஆளாச்சேன்னு கார்டக் குடுத்து நம்பரயும் சொன்னேன்."

பணத்தை எண்ணிக் கொடுத்தவன், அதே மாதிரி வேறொரு கார்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறான். பத்து நாள் கழித்துப் போனபோது மெஷின் அதை ஏற்கவில்லை. நைனாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வரும் வழியில் அந்தக் கார்டை ஏரியில் வீசிவிட்டு, காணோம் என்று எனக்குப் போன் செய்திருக்கிறார்.

"ஏன் நைனா சொல்லல?"

"நீ வைவியேன்னு பயந்துட்டேம்மா."

"ரத்னத்த ஸ்டேஷன்ல உக்கார வெச்சாங்களே, அப்பவாச்சும்?"

"அப்பச் சொன்னா இன்னும் வைவியேன்னு…" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். பெற்ற மகளுக்குப் பயந்து பெற்ற மகனைப் பலி கொடுத்துவிட்டார் மனிதர். அந்தப் பயத்தை மாதாமாதம் அனுப்பி வைத்தவள் நான்தானே. அந்தத் திருடன் இன்றுவரை அகப்படவில்லை. பணமும் வரவில்லை. நம்பரை நீங்களே சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பேங்க் கையை விரித்துவிட்டது. போனது போகட்டும்.

எப்போதும் சென்னையில் விமானம் ஏறுகிறவள், அந்த முறை டிக்கெட்டைப் பெங்களூருக்கு மாற்றினேன். வழியில்தான் பலமனேர். மறுநாள் சாயங்காலம் விமானம், அன்று தம்பியோடு தங்கிவிட்டுப் போகிறேன் என்று அவன் சிநேகிதனுக்குப் போன் செய்து சொல்லியிருந்தேன். பெட்டியோடு போய் இறங்கினேன். மண்டியில் லாரிக்குத் தக்காளிக் கூடை ஏற்றிக்கொண்டிருந்தவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "துன்னியாக்கா?" என்றான். ஹோட்டலுக்குக் கூட்டிப்போய்த் தோசை வாங்கிக் கொடுத்தான். அவனே காசும் கொடுத்தான். படத்தை நீட்டினேன். திருடனை அவன் பார்க்கவே இல்லை.

"நைனா ரொம்ப எளச்சிப்பூட்டாரு" என்றான். பிறகு மடித்து என்னிடமே கொடுத்தான். "ஏங்க்கா, இந்தப் படம் வராம போயிருந்தா?"

என்றைக்காவது உன்னை நம்பியிருப்பேன்டா என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் வரவில்லை. "தப்புப் பண்ணிட்டேன்டா, மன்னிச்சிடு. ஊருக்கு வந்துடு. இன்னும் ரெண்டு வருசத்துல அந்தத் தறியப் போட்டுத் தரேன்" என்றேன்.

"வேணாங்க்கா" என்றான். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். "நாளைக்கி அதுல எதுனா கொறஞ்சா, உனக்கு மொதல்ல எம் பேருதான ஞாபகம் வரும்."

எழுந்து என் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். தங்கும் அறைக்குப் போகிறோம் என்று நினைத்து நானும் பின்னாலேயே போனேன். பெங்களூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. பெட்டியை ஏற்றி, ஜன்னலோரமாக இடம் பிடித்துக் கொடுத்து, டிக்கெட்டும் எடுத்துவிட்டான். "பத்தரமாப் போயிட்டு வாக்கா" என்றான். பஸ் நகரும் வரை நின்றான். கை காட்டினான். அவன் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது.

அவ்வளவு முன்னதாக விமான நிலையத்துக்குள் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வழியனுப்ப வந்த கூட்டத்துக்கும் வரவேற்க வந்த கூட்டத்துக்கும் நடுவில், வெளியே ஒரு பெஞ்சில் மறுநாள் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஓர் அம்மா, "வர்றீங்களா, போறீங்களாம்மா?" என்று கேட்டார். தம்பி வருவான், அவனுக்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.