பெர்கன் பட்டணத்தில் ஆள் இல்லை

எங்கள் குடும்பம் கடலுக்கு அப்பால் உள்ள ஓர் ஊரைச் சுற்றிப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆம்பூரில், எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தபடி.

வழி காட்டியவள் என் அத்தை. அப்பாவின் தங்கை, சின்ன வயசிலேயே புருஷனை இழந்து எங்களோடு வந்து இருந்தவள். அப்பா வேலை செய்த தோல் ஷாப்புக்கு மேல்பார்வையாக வந்திருந்த துரை நார்வே தேசத்துக்காரர். அவர் குழந்தையை வளர்த்தது அத்தைதான். அடுத்த மாதம் அவர்கள் ஒரு வருஷத்துக்குத் தங்கள் ஊரான பெர்கனுக்குப் போவதாக இருந்தார்கள். குழந்தை அத்தையை விட்டு இருக்காது, கூட அனுப்புங்கள் என்று துரைசாணி கேட்டிருந்தாள். அத்தைக்குப் போக ஆசை. அப்பா சரி என்று சொல்லவேண்டும்.

அதற்காகத்தான் அந்த ரெட்டைக்கண் பெட்டி வந்தது. கண்ணை வைத்தால், எதிரே செருகிய அட்டைப் படம் நிஜத் தெருவாக உள்ளே நீளும். புதிதாக வருகிறவர் எதை முதலில் பார்க்கவேண்டும், எதை அடுத்துப் பார்க்கவேண்டும் என்று துரைசாணி தன் அப்பா காலத்துப் படங்களை அடுக்கிக் கொடுத்திருந்தாள். அத்தைக்கு வரிசை மனப்பாடம்.

"கப்பல்லேர்ந்து எறங்கறதுக்கு முன்னாடியே இடது கைப் பக்கம் பாத்துடணும். வரிசையா மர வீடுங்க. நம்ம ஆற்காட்டு நவாபு காலத்துல கட்டினதாம். நேரா போனா மீன் மார்க்கெட்டு. சுத்தி மலை, நம்ம ஊராட்டமே. மழைதான் ஜாஸ்தி. குடை இல்லாம வெளிய போவக் கூடாது."

"பொறந்து வளந்தவ கணக்கா சொல்றா பாரு," என்று அம்மா சிரித்தாள்.

அப்பா பெட்டியைக் கண்ணில் வைத்தார். முதல் அட்டை, இரண்டாவது, மூன்றாவது. அவர் சிரிக்கவில்லை.

"இன்னாம்மா இது? ஊர்ல ஒருத்தரையும் காணோம்?"

நிஜம்தான். கப்பல் இருந்தது, கப்பல்காரன் இல்லை. கதவெல்லாம் சாத்திக் கிடந்தது. அத்தை அதுவரை வீடுகளையும் கப்பல்களையும் மட்டுமே பார்த்திருக்கிறாள் போலும்.

"மழைக்கு உள்ள இருப்பாங்க."

"மழையே காணோமே. படிக்கிற பையன் இருக்கான், அவன் பாத்துச் சொல்லட்டும்."

பெட்டி என் கைக்கு வந்தது. நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் மிதித்த முதல் ஆள். தெரியாது என்று சொல்லலாம் என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

சாத்திய கதவுகள், ஆள் இல்லாத தெரு. அப்படி ஒரு தெருவை நான் பார்த்திருந்தேன். இரண்டு வருஷம் முன்பு பிளேக் வந்தபோது ஊரைக் காலி செய்துவிட்டுப் பாலாற்று ஓரம் கொட்டகை போட்டுக் கிடந்தோம். கைக்குழந்தையாயிருந்த என் தம்பியை அந்தக் கொட்டகையில்தான் பறிகொடுத்தோம். ஒரு நாள் அரிசிப்பானையை எடுக்க அப்பாவோடு திரும்பி வந்தபோது எங்கள் தெரு இதே மாதிரிதான் இருந்தது.

"பிளேக்குப்பா. ஊரைக் காலி பண்ணிட்டாங்க," என்றேன்.

அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள். அத்தை அவசரமாக மீன் மார்க்கெட்டு அட்டையை எடுத்துச் செருகினாள்.

"படிக்கட்டு ஓரத்துல பாருடா கண்ணு. ஒரு பொம்பளை நிக்கிறா இல்ல? நல்லாப் பாத்துச் சொல்லுடா."

என் தோளை அவள் விரல்கள் அழுத்தின. ஆமாம், நின்றாள். தலையில் துணி, காலடியில் கூடை, நேரே என்னைப் பார்த்தபடி. எனக்குக் குழப்பமாகிவிட்டது. ஒருத்தி இருந்தால் ஊரில் ஆள் இருப்பதாக அர்த்தமா, இல்லையா? எங்கள் தெருவில் அப்போது மிச்சமிருந்தவர்கள் தூக்கிப்போக முடியாத நோயாளிகள்தான்.

"ஆமா அத்தை. அவளை மட்டும் விட்டுட்டுப் போய்ட்டாங்க."

அப்பா எழுந்துவிட்டார். "போவ வேணாம். பெட்டியைத் திருப்பிக் குடுத்துடு."

மறுநாள் அத்தை துரைசாணியைக் கேட்டுக்கொண்டு வந்தாள். அந்தக் காலத்தில் ஒரு படம் பிடிக்க வெகுநேரம் ஆகுமாம். அசையாமல் நின்றவர்கள் மட்டும்தான் படத்தில் விழுவார்களாம். மற்றபடி மார்க்கெட்டு கொள்ளாத ஜனமாம்.

"அப்போ நடந்தவங்க எல்லாம் எங்க போய்ட்டாங்க?" என்று கேட்டேன்.

"எங்கயும் போய்டலைடா. போய்க்கினே இருந்தாங்க."

அப்பா என்னைத்தான் கேட்டார், நடக்கிற ஆள் படத்தில் எப்படி இல்லாமல் போவான் என்று. யோசித்து யோசித்துப் பார்த்தேன். "தெரியலப்பா," என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக. அதோடு பேச்சு முடிந்தது.

துரை வீட்டார் ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள், பங்களா வேப்பமரத்தடியில் எங்கள் எல்லாரையும் வைத்துத் துரை ஒரு படம் பிடித்தார். நிழல் ஜாஸ்தி, பத்து எண்ணும்வரை அசையக் கூடாது என்றார். நான் மூச்சைக்கூட விடவில்லை.

மழைக்காலத்தில் பெர்கனிலிருந்து தபாலில் அந்தப் படம் வந்தது. அப்பா, அம்மா, நான் மூவரும் நட்டுவைத்த கழிகள் மாதிரி. நாற்காலியில் குழந்தை. அதன் பக்கத்தில் அத்தை நின்ற இடத்தில், மரத்தைப் பார்த்துப் போகும் வெள்ளைப் புகை மாதிரி ஒரு கோடு. புகைக்குள் வேப்பமரம் தெரிந்தது.

"பத்து எண்றவரைக்கும் சும்மா நிக்க மாட்டியா? படமே கெட்டுப்போச்சு," என்று அம்மா பேஜாரானாள்.

அத்தை அதை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, தன் துணிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். பாவம், அத்தைக்கு ஒரு படத்துக்கு நிற்கக்கூடத் தெரியவில்லை என்றுதான் நான் ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.