தோரா வேல் எந்த ஊர்?

ஈரக் கம்பளிக் கோட்டுகளின் மணம்... அதோடு சுடச்சுட வாஃபலும் பழுப்புச் சீஸும்.

ஒஸ்லோவில் நான் முதன்முதலாக வேலை செய்த அந்தச் சின்னத் திரைப்படக் கழகத்தை நினைத்தால், படங்களுக்கு முன்னால் இந்த மணம்தான் வரும்.

படிப்பு முடிந்த கையோடு கிடைத்த பகுதிநேர வேலை. வாரம் ஒரு பழைய படம் போடுவார்கள். படம் முடிந்து போகிறவர்களின் கையில் கொடுக்க, அதில் நடித்தவர்களைப் பற்றி அரைப் பக்கம் எழுதுவது என் பொறுப்பு. எழுதுவது எனக்குப் பிடிக்கும். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால்தான் ஏதாவது சாட்டுச் சொல்லி வெளியே போய்விடுவேன்.

அந்தக் குளிர்காலத்தில் தோரா வேல் நடித்த படம் ஒன்று வந்தது. பெரிய நடிகை இல்லை. கதாநாயகியின் தோழி, ஹோட்டல் வரவேற்பாளர், இரண்டாம் மனைவி... கறுப்பு வெள்ளைக் கால ஹொலிவூட்டில் இப்படிச் சில வேடங்கள். ஆனால் அவள் திரைக்கு வந்தால் மற்றவர்களைப் பார்க்க மறந்துவிடுவோம்.

அவளைப் பற்றித் தேடினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை சொன்னது. ஆங்கிலப் புத்தகத்தில் பிறந்த இடம் அமெரிக்காவின் மினசோட்டா. பட நிறுவனத்தின் விளம்பரத்தில் நோர்வேயின் பேர்கன் நகரம், கப்பல் கப்டனின் மகள். பழைய நோர்வே வார இதழ் ஒன்றின் பேட்டியில் அவளே சொல்கிறாள், தான் பாட்ஸ்பியோர்ட் என்று. பிறந்த ஆண்டும் மூன்று விதம்.

பாட்ஸ்பியோர்ட்! நோர்வேயின் வடக்கு முனையில் உள்ள அந்த மீன்பிடிக் கிராமத்தில்தான் நான் பிறந்தேன். அப்பா அங்கே மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். எனக்கு எட்டு வயதானபோதுதான் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் உள்ள லில்லெஸ்ட்ரோமுக்கு வந்தோம். அன்று பின்னேரமே அவருக்குப் போன் எடுத்தேன்.

"அப்பா, பாட்ஸ்பியோர்ட்டிலை இருந்து ஒரு ஹொலிவூட் நடிகை!"

"ஆர் பிள்ளை?"

"தோரா வேல்."

"வேலோ? அப்ப எங்கடை முருகன்ரை ஆள்தான்."

சிரித்துவிட்டு, பேட்டியை முழுதாக வாசிக்க உட்கார்ந்தேன். வீட்டுக்குப் பின்னால் நின்ற பெரிய ஆப்பிள் மரத்தில் ஏறிக் கடலைப் பார்ப்பேன் என்று சொல்லியிருந்தாள்.

அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

பாட்ஸ்பியோர்ட்டில் மரமே இல்லை. காற்றும் குளிரும் எதையும் வளர விடாது. லில்லெஸ்ட்ரோமில் வீட்டைவிட உயர்ந்த மரத்தை முதன்முதலாகக் கண்டபோது, பயத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டவள் நான்.

கழகத்தை நடத்திய பென்தெ என்ற நோர்வேக்காரியிடம் இதைச் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"அப்ப பொய்! தலைப்புக் கிடைச்சிட்டுது. 'நோர்வேக்காரி எண்டு பொய் சொன்ன அழகி.' எல்லாரும் வாசிப்பினம்."

எனக்கு என்னவோ செய்தது. அன்று வீட்டுக்குப் போகும் ரயிலில், ஜன்னலோரம் இருந்து யோசித்தேன்.

எங்கள் கொண்டாட்டங்களில் அன்ரிமார் கேட்பார்கள், "பிள்ளை எந்த ஊர்?" நான் புங்குடுதீவு என்பேன். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஒரு தீவு, அப்பாவின் ஊர். நான் கால் வைத்ததே இல்லை. பாட்ஸ்பியோர்ட் என்று சொன்னால், "அது சரி, ஊர் எது?" என்று திரும்பக் கேட்பார்கள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் 'என் ஊர்' என்று புங்குடுதீவை வரைந்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் நீலமாக ஒரு பெரிய ஆறு. அப்பா பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"தீவிலை ஏதடி ஆறு? குடிதண்ணிக்கே நாங்கள் பட்ட பாடு!"

என்னை யாரும் பொய்க்காரி என்று சொல்லவில்லை.

தோராவின் அம்மா பாட்ஸ்பியோர்ட்காரியாக இருந்திருக்கலாம். மகள் மினசோட்டாவில் பிறந்து, அந்த ஊரைக் கேட்டுக் கேட்டே வளர்ந்து, தன் வீட்டு மரத்தைக் கொண்டுபோய் அங்கே நட்டிருக்கலாம். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் பொய் என்று நிரூபிக்க பென்தெயிடமும் எதுவும் இல்லை.

மறுநாள் சொன்னேன், "அந்தத் தலைப்பு வேண்டாம்."

"அரைப் பக்கத்திலை மூண்டு ஊரையும் விளக்கப்போறியோ?"

"இல்லை. படத்துக்கு முன்னாலை நானே சொல்லுறன்."

"நீயோ? மைக்கைக் கண்டாலே வெளியிலை ஓடுற நீயோ?"

"ஓம். நான்தான்."

பென்தெ அந்தத் தலைப்போடு தானே எழுதியிருந்த தாளைத் தூக்கிக் காட்டினாள். "சரி. நீ கதைச்சால் இந்தத் தாளைக் குடுக்கமாட்டன். கதைக்காட்டி, குடுப்பன்."

படம் போட்ட அன்று, அந்தத் தலைப்போடு அச்சடித்த தாள்கள் வாசல் மேசையில் அடுக்கியபடி இருந்தன. அப்பா லில்லெஸ்ட்ரோமில் இருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மைக் முன்னால் போய் நின்றேன்.

ஓடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று ஊர், மூன்று ஆண்டு, நிற்க முடியாத இடத்தில் நின்ற ஆப்பிள் மரம்... பிறகு, எங்கள் ஆட்களிடம் ஊர் கேட்டால் பிறந்த இடத்தைச் சொல்வதில்லை என்பதையும், நான் வரைந்த ஆற்றையும்.

முன்வரிசையில் இருந்த நோர்வேக்காரர் ஒருவர் திடீரென்று சத்தமாகச் சொன்னார், "நானும் ஊர் வடக்கிலை லோஃபோதென் எண்டுதான் சொல்லுறனான். பிறந்தது இந்தத் தெருவிலை!"

அரங்கமே சிரித்தது. வாசலைப் பார்த்தேன். பென்தெ அந்தத் தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது அப்பா சொன்னார், "நல்லாத்தான் கதைச்சனி. எண்டாலும் பாட்ஸ்பியோர்ட் குளிரைப் பற்றி இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

இப்போது அந்தக் கழகம் இல்லை. அந்த இடத்தில் உடற்பயிற்சிக்கூடம். பழைய படங்களை அவரவர் வீட்டில் தனியாகப் பார்க்கிறோம். ஒரு முகம் யாரென்று தெரியாவிட்டால் உடனே போனில் தட்டிப் பார்க்கிறோம்.

தோராவைத் தட்டினால் முதலில் வருகிற பக்கத்தில் இப்படி இருக்கிறது: மினசோட்டாவில் பிறந்தவர், நோர்வேயில் பிறந்ததாகப் பொய் சொன்னவர்.

யாரும் திருத்தக்கூடிய பக்கம் அது; 'பொய்' என்ற அந்த ஒரு சொல்லை நான் எடுப்பேன். யாரோ திரும்பப் போடுவார்கள். ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். பொய் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று நான் கேட்பேன். அந்தக் காலத்தில் ஒரு சின்ன அரங்கைச் சம்மதிக்க வைத்தால் போதும்... எதிரில் இருக்கிறவர்களின் முகமாவது தெரிந்தது.

நேற்றும் எடுத்தேன். இன்று காலை பார்த்தால் திரும்ப வந்திருக்கிறது.

கோப்பி ஒன்று போட்டுக்கொண்டு, திரும்ப எடுக்க உட்கார்ந்துவிட்டேன்.