கூரைக்குப் போக வேண்டிய பற்கள்

பல் டாக்டருக்கு உதவியாளாக இருப்பவனுக்குப் பிள்ளைகளின் வாயைத் திறக்க வைப்பது பாதி வேலை. திறந்த வாய் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது மீதி வேலை. பிள்ளையைப் பல் டாக்டரிடம் இழுத்துப் போய்ச் சட்டைப் பொத்தானைப் பறிகொடுத்தவர்களுக்கு நான் சொல்லாமலே இது தெரியும்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை மேலிருக்கும் வாசலூர்பட்டியில் ஒரு கூடத்தில் நாற்காலி போடுகிறோம். அன்று இருந்தவர்கள்: டாக்டரம்மா ஒருவர், நர்ஸ் கவிதா ஒருவர், வேன் ஓட்டும் மாரி ஒருவர், கருவிகளைக் கழுவிக் கொதிக்க வைக்கும் நான் ஒருவன், அம்மாக்கள் எட்டுப் பேர், அப்பாக்கள் இரண்டு பேர், பிள்ளைகள் பதினொன்று, ஆட்டுக்குட்டி ஒன்று. பதினொரு பிள்ளைகளில் பத்துப் பேர் கூடத்துக்குள் இருந்தார்கள். ஒருத்தி வேனுக்கு அடியில் இருந்தாள்.

அவள் தர்ஷினி, ஏழு வயது. கடைவாய்ப் பால் பல் சொத்தையாகி நாலு நாளாக வெறும் கஞ்சி குடிக்கிறாள். இன்று விட்டால் டாக்டரம்மா மறுபடி வர ஒரு மாதம் ஆகும். அவ்வளவு நாள் வலி பொறுக்க முடியாது. மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்றால், எழுபது கொண்டை ஊசி வளைவில் ஏழாவதிலேயே வாந்தி எடுக்கிற பிள்ளை. அவள் அம்மா பூங்கொடி, மிளகு பறிக்கும் வேலைக்குப் போகிறவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “எப்படியாச்சும் உள்ளார கூட்டியாந்துருங்க ஐயா. நாங் கூப்புட்டா கல்லெடுத்து எறியறாளுங்க.”

திருட்டுப் பட்டம்

தர்ஷினியிடம் போவதற்கு முன்னால் பழைய சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் தடவை வந்தபோது, டாக்டரம்மா பிடுங்கிய பல்லை எல்லாம் மருத்துவக் குப்பைக்கான மஞ்சள் வாளியில் போட்டார். அவர் படித்த இடத்தில் அதுதான் முறை. எங்கள் பக்கத்தில் விழுந்த பால் பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்து வீட்டுக் கூரை மேல் எறிவார்கள். அது கீழே விழாமல் மேலேயே தங்கினால்தான் புதுப் பல் முளைக்கும்.

அடுத்த மாதம் ஒரு பிள்ளைகூட வரவில்லை. ஊசிக்குப் பயம் என்று நினைத்து டாக்டரம்மா பொம்மைகள் வாங்கி அடுக்கினார். பொம்மையைப் பார்க்கவும் ஆள் வரவில்லை. பிறகுதான், பிடுங்கிய பல்லைக் கழுவி, மருந்தில் முக்கி, பொட்டலம் கட்டி, பெயர் எழுதி, உரியவர் கையில் கொடுக்கும் வழக்கம் வந்தது. டீக்கடையில் ஒரு பையன் என்னை மடக்கிக் கேட்ட கேள்விதான் அதற்குக் காரணம்: “ஊசியெல்லாம் பரவால்லீங்க தாத்தா. உங்க டாக்டரு எங்க பல்லயெல்லாம் எடுத்துட்டுப் போய் என்னதான் பண்றாங்க?”

படகு

அன்று முதலில் நாற்காலி ஏறியவன் ஐந்து வயது கவின். ஏரியில் படகு சவாரி என்று சொல்லி அவன் அப்பா கூட்டி வந்திருந்தார். பையன் புதுச் சட்டை போட்டிருந்தான். கவிதா நாற்காலியைப் பின்னால் சாய்த்ததும் இரண்டு கைப்பிடியையும் இறுகப் பிடித்துக்கொண்டு, “கெளம்பிருச்சு, கெளம்பிருச்சு!” என்று கத்தினான். வாய் தானாகவே திறந்துவிட்டது. இத்தனை சுலபமாக ஒரு வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

டாக்டரம்மா பொய்க்கு ஒத்துக்கொள்ள மாட்டார். “இது படகு இல்ல கண்ணு, பல்லு பாக்கற நாற்காலி. ஓட்டைய அடைக்கறப்போ கொஞ்சம் கூசும்” என்று சொல்லிவிட்டார். பையன் கூரையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு தலையை மட்டும் திருப்பி, வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவைக் கேட்டான்: “ஏப்பா, உனக்குப் பயமா இருந்தா சொல்லியிருக்கலாம்ல? நானே தனியா வந்திருப்பேன்ல?”

கை தூக்கினால்

பிள்ளை கையைத் தூக்கினால் டாக்டரம்மா அந்த இடத்திலேயே வேலையை நிறுத்துவார். எங்கள் நாற்காலியில் இது சட்டம். ஆட்டுக்குட்டிக்குச் சொந்தக்காரன் சஞ்சய், ஒன்பது வயது, இந்தச் சட்டத்தை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டான். முதல் தடவை எச்சில் துப்பக் கை தூக்கினான். இரண்டாம் தடவை ஆட்டுக்குட்டி தண்ணீர் குடித்ததா என்று கேட்டான். மூன்றாம் தடவை ஒன்றும் கேட்கவில்லை, சும்மா தூக்கினான். இப்படி ஒன்பது தடவை. ஒன்பது தடவையும் டாக்டரம்மா நிறுத்தினார். பின்னால் வரிசையில் இருந்த அம்மாக்கள் முனகத் தொடங்கினார்கள்.

பல் வெளியே வந்து, பஞ்சும் வைத்த பிறகு மறுபடி ஒரு கை எழுந்தது. “எல்லாம் முடிஞ்சுது, இப்ப எதுக்குடா?” என்றார் டாக்டரம்மா. அவன் பஞ்சைக் கடித்தபடியே சொன்னான்: “முடிஞ்ச பொறவும் நிக்கறீங்களான்னு பாத்தேனுங்க. நிக்கறீங்க. அடுத்த மாசம் எந் தங்கச்சியக் கூட்டியாறேன்.”

தார்ப்பாய்

மதியத்துக்குள் நாலு பொட்டலங்கள் போய்விட்டன. தர்ஷினி மட்டும் வெளியே வரவில்லை. எனக்குப் பேச்சு வராது. எட்டு அம்மாக்கள் பார்க்கிறார்கள் என்றாலே காது சூடாகிவிடும். ஆனாலும் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினேன். அவள் இரண்டு கையிலும் கல் வைத்திருந்தாள். பொட்டலத்தைப் பற்றியும் கைச் சட்டத்தைப் பற்றியும் சொன்னேன். “அதெல்லாம் தெரியுமுங்க” என்றாள். பின் எதற்குப் பயம் என்று கேட்டேன்.

அவர்கள் வீடு பாதி கட்டி நிற்கிறது. சுவர் எழும்பிவிட்டது, மேலே இன்னும் ஒன்றும் போடவில்லை. பக்கத்தில் தார்ப்பாய்க் கொட்டகையில் இருக்கிறார்கள். “தார்ப்பாய்ல பல்லு நிக்காதுங்க தாத்தா, உருண்டுரும். அப்பறம் எனக்கு முளைக்கவே முளைக்காது” என்றாள். அவளுக்கு ஊசியும் பயமில்லை, குறடும் பயமில்லை. ஆயுசுக்கும் அந்த இடம் ஓட்டையாக இருந்துவிடுமே என்றுதான் நாலு நாளாகக் கஞ்சி குடித்திருக்கிறாள்.

என் வீடு ஓட்டு வீடு, ரோட்டோரம்தான் இருக்கிறது, அதன் மேல் எறிந்துகொள் என்றேன். அவள் முகம் தெளிந்தது. உடனே சுருங்கியது. “அப்ப உங்க பல்லு விழுந்தா அத எங்க போடுவீங்க?” என்றாள். என் பல் எதுவும் விழுவதாக இல்லை என்று காட்ட வாயைத் திறந்தேன். அவள் சக்கரத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “கீழ்ப்பல்லு ஒண்ணு ஆடுதுங்க. நீங்களும் வேனுக்கு அடியிலதான் இருக்கணும், வாங்க.”

நாற்காலியில் நான்

அந்தப் பல் பொங்கலுக்கு முன்பிருந்தே ஆடுகிறது. டாக்டரம்மா மாதாமாதம் “உட்காருங்க” என்பார். எனக்கு மாதாமாதம் அந்த நேரத்தில்தான் கழுவ வேண்டிய கருவி ஏதாவது அகப்படும். இப்போது தர்ஷினி கல்லைக் கீழே போட்டுவிட்டு, “தாத்தா போனா நானும் போறேன்” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டாள். கழுவுவதற்கு ஒரு கரண்டிகூட மிச்சமில்லை.

கவிதா ரத்த அழுத்தம் பார்த்தார். நான் நாற்காலியில் சாய்ந்தேன். டாக்டரம்மா ஊசியைக் கையில் எடுத்தார். என் கை தானாக மேலே போயிற்று. அவர் நின்றார், சட்டம் சட்டம்தானே. கதவோரமிருந்து தர்ஷினியின் குரல் வந்தது: “தாத்தா, அவுங்க இன்னும் ஒண்ணுமே பண்ணலீங்க!” கூடமே சிரித்தது. இத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்து நானும் சிரித்தது அன்றுதான். சிரிப்பு அடங்குவதற்குள் ஊசி போட்டாயிற்று. கொஞ்ச நேரத்தில் பல்லும் வந்துவிட்டது.

தர்ஷினி என் வாயைச் சோதித்துப் பார்த்துவிட்டு அவளாகவே ஏறி உட்கார்ந்தாள். நான் பஞ்சைக் கடித்தபடி அவள் தலைமாட்டில் நின்றேன். பூங்கொடி பார்க்க மாட்டாமல் என் முதுகுக்குப் பின்னால் நின்று சட்டையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை இரண்டு தடவை கை தூக்கினாள். இரண்டு தடவையும் டாக்டரம்மா நிறுத்தினார். மூன்றாவது தடவை தூக்க அவசியம் வரவில்லை. பல்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், அம்மாவைப் பார்த்து முறைத்தாள்: “இத்தினூண்டு பல்லுக்கா நாலு நாளு கஞ்சி ஊத்துன?”

ஓட்டு வீடு

சாயந்தரம் தாயும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். தர்ஷினி தானே சாணி உருட்டிப் பல்லைப் புதைத்து எறிந்தாள். முதல் எறியில் உருண்டை திரும்பி வந்து என் தோளில் விழுந்தது. இரண்டாவது எறியில் ஓட்டு மேல் போய் ஒட்டிக்கொண்டது. அவள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்து, அது அசையவில்லை என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகுதான் கையைக் கழுவினாள். பூங்கொடி அங்கேயே டிபன் டப்பாவைத் திறக்க, பிள்ளை ஒரு பக்கமாக மென்று முழு இட்லி ஒன்றைத் தின்றாள்.

எனக்கும் ஒரு ஆசை வந்தது. மரத்துப்போன உதட்டோடு, என் பல்லையும் எறியலாமா என்று சைகையில் கேட்டேன். அவள் பலமாகத் தலையாட்டி மறுத்தாள்: “ஒரு கூரைக்கு ஒரு பல்லுதானுங்க தாத்தா. உங்களுது வேண்ணா, எங்க ஊட்டுக்குக் கூரை போட்டதும் வந்து எறிஞ்சுக்கங்க.”

பிள்ளைகளின் பயத்தைப் போக்கப் போன எனக்கு அன்றைய கணக்கு இதுதான்: பிடுங்கிய பல் ஆறு, கூரைக்கென்று போனது ஐந்து, பூங்கொடி வீட்டுக் கூரைக்காக என் சட்டைப் பையில் காத்திருப்பது ஒன்று.