செலாம் "யெஸ்" சொன்ன விதம்

கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு ஷாக் அடிக்கக் கரண்டே தேவையில்லை என்பது, என்னைப்போலவே இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியாததா?

அமெரிக்காவில், சான் ஹோசேயில் ஒரு சர்ச்சின் பின்கூடம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இளைஞர்களுக்கு அங்கே கம்ப்யூட்டர் ரிப்பேரும், போனில் உதவி சொல்லும் ஹெல்ப்டெஸ்க் வேலையும் பழக்குகிறேன். வீட்டுக்காரரின் வேலையை ஒட்டி வந்த எச்-4 விசாக்காரி சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது, சும்மா சொல்லிக்கொடுக்கலாம். கைக்குழந்தையும் கூடவே வரும். இவர்களில் ஒருவருக்காவது வேலை கிடைத்தால்தான் அடுத்த பேட்ச்சுக்கு இடம் என்று சர்ச்சில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

உலகம் முடிய இருந்த டிசம்பர்

தொண்ணூற்றொன்பது டிசம்பர். இரண்டாயிரம் ஜனவரி பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் தேதி குழம்பி நின்றுவிடும் என்று எங்கும் இதே பேச்சு. சாதாரண நாளிலேயே காரை ஃப்ரீவேயில் ஏற்ற நடுங்குகிறவள் நான். என் வீட்டுக்காரருக்கு வருஷம் பிறக்கிற ராத்திரி ஆபீஸில் கம்ப்யூட்டர்களுக்குக் காவல் வேறு. பால் பவுடர், டயப்பர், தண்ணீர் கேன் என்று வாங்கி அலமாரியை அடைத்தேன். வகுப்பிலும் எச்சரித்தேன். எல்லோரும் மிரண்டுபோய்க் கேட்க, எத்தியோப்பியாவிலிருந்து வந்த தாவித் மட்டும் சிரித்தான். அவர்கள் நாட்டுக் காலண்டரே வேறாம்.

"டீச்சர், எங்க ஊர்ல இப்பத்தான் தொண்ணூத்திரண்டு நடக்குது. குழந்தையைத் தூக்கிட்டு அங்க போயிடுங்க, இன்னும் ஏழு வருஷம் நிம்மதியா இருக்கலாம்!"

பிளக்கைப் பிடுங்கியது

ஒன்றும் ஆகாமல் ஜனவரி வந்தது. தாவித்தின் ஊர்க்காரி செலாம் வகுப்பில் சேர்ந்தாள். வாய் திறக்கமாட்டாள், ஆனால் கற்பூரம். திறந்து வைத்த கம்ப்யூட்டருக்குள் அவள் கை இருக்கும்போது, "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டேன். "ஹக்!" என்று மூச்சை உள்ளே இழுத்து, புருவத்தை உயர்த்தினாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. அலறிக்கொண்டு ஓடிச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினேன். அந்த ஒரு பிளக்கில்தான் மொத்த வகுப்பும் ஓடிக்கொண்டிருந்தது. திரைகள் எல்லாம் அணைந்தன, குழந்தை வீறிட்டது. தாவித் ரொம்பப் பொறுமையாகச் சொன்னான்:

"டீச்சர், அவளுக்கு ஷாக் அடிக்கலை. 'ஆமா'ன்னு சொன்னா. எங்க ஊர்ல அப்படித்தான்."

போன் இன்டர்வியூ

மார்ச்சில் பக்கத்து ஊர் மில்பிடாஸ் கம்பெனி ஒன்றின் மேனேஜர் செலாமை போனில் பேட்டி எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றேன். பிரிண்டர், மோடம் என்று கேட்டதற்கெல்லாம் அழகாகப் பதில் சொன்னாள். கடைசியில் அவர், "திங்கட்கிழமையே வரமுடியுமா?" என்றார்.

"ஹக்!"

அவர் குரலை உயர்த்தினார். "ஹலோ? வரமுடியுமா, முடியாதா?" மறுபடியும் "ஹக்!" எனக்குப் பதறியது. சத்தம் போடக்கூடாதே என்று, "சரின்னு சொல்லும்மா" என்பதை நம் ஊர் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டிக் காட்டினேன். அவள் என்னையே பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. "நோ, சார்" என்றாள். வேறு நல்ல வேலை கிடைக்கட்டும் என்று வாழ்த்தி, அவர் போனை வைத்துவிட்டார். நான் அப்படியே நாற்காலியில் உட்கார, செலாம் கேட்டாள்:

"டீச்சர், நீங்கதானே வேண்டாம், வேண்டாம்னு தலையை ஆட்டினீங்க?"

நானே போட்ட போன்

பீட்ஸா ஆர்டர் பண்ணக்கூட வீட்டுக்காரரிடம் போனை நீட்டுகிறவள், அன்று நானே ஸ்பீக்கரில் போட்டு அந்த மேனேஜரைக் கூப்பிட்டேன். கான்வென்ட்டில் சிஸ்டர் கேள்வி கேட்டால் நிற்பதுபோல் விறைப்பாக நின்றுகொண்டு, அவள் மூச்சையும் என் தலையையும் ஒரே மூச்சில் விளக்கினேன். தொலைந்தது, அடுத்த பேட்ச்சும் தொலைந்தது என்று நினைத்தேன்.

"அவளைப் பேசச் சொல்லுங்கள்" என்றார். செலாம் போனருகே வந்து கண்ணை மூடிக்கொண்டு, "யெஸ் சார், திங்கட்கிழமை வருகிறேன் சார்!" என்று கூடம் அதிரக் கத்தினாள். அவர் சிரித்த சிரிப்பு ஸ்பீக்கரில் கரகரத்தது.

"வரட்டும். ஆனால் மேடம், நீங்கள் மட்டும் தயவுசெய்து கூட வராதீர்கள்."

இப்போது அடுத்த பேட்ச்சும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்டர்வியூ என்றாலே அவர்களுக்கு நான் செய்கிற பெரிய உபகாரம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பார்க்கிங் லாட்டுக்குப் போய்விடுவதுதான்.